பவுடர் இருக்க பயமேன்?

ஹாஸ்டல் காமன் ரூம்ல கேரம் ஆடாத ஆள் யாராவது இருக்கீங்களா? ரெட் காயினுக்குக் குறி வைக்கிறதுக்கு முன்னாடி போர்டு மேல ஒரு சிட்டிகை வெள்ளை பவுடர் தூவுவோமே, அது போரிக் பவுடர். உங்க வீட்டுக் கட்டிலை வண்டுகிட்டயிருந்து காப்பாத்துறதுல அந்தச் சிட்டிகைப் பவுடருக்குப் பெரிய பங்கு உண்டுனு சொன்னா நம்புவீங்களா? நானும் நம்பலை. போன வருஷம் எங்க வீட்டுக் கட்டில் 'கொட்ட' ஆரம்பிக்கிற வரைக்கும்!

எங்க ஊர் மார்த்தாண்டம் பக்கம். சுத்திலும் ரப்பர் தோட்டம். பால் வடிச்சு ஓய்ஞ்ச ரப்பர் மரத்தை 25, 30 வருஷத்துல வெட்டிடுவாங்க. பலகை விலை தேக்கைவிட ரொம்பக் கம்மி. அக்கா பிரசவத்துக்கு வர்றானு அப்பா அந்தப் பலகையிலதான் ஆசையா ஒரு கட்டில் செய்யச் சொன்னார். அக்கா ஏழாம் மாசம் வந்து சேர்ந்தா. கொஞ்ச நாள்லயே தினமும் காலையில கட்டிலுக்கு அடியில முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி மெல்லிசா ஒரு குவியல். கூட்டித் தள்ளினா மறுநாளும் அதே. போதாக்குறைக்கு அந்த ரூம் கதவு நிலையில தரையிலேருந்து விரல் தடிமனுக்கு ஒரு மண் கோடு ஏறிக்கிட்டிருந்தது.

அப்பா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். கையில பேர் ஒட்டாத ஒரு கேன். "ஸ்ட்ராங் மருந்து தம்பி. அடிச்சுட்டு ரெண்டு நாள் கதவைச் சாத்தி வைங்க. அப்புறம் ஒண்ணும் வராது" என்றார். "என்ன மருந்துண்ணே?" என்றேன். "அதான் சொன்னேனே, ஸ்ட்ராங் மருந்து!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "நீதான் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறியே... பச்சைப்புள்ள படுக்கப்போற ரூம். அடிக்கலாமா, வேண்டாமா? சொல்லு."

சொல்லத் தெரியலை பாஸ். மூணாம் வருஷம் வந்தாச்சு. கான்க்ரீட் கலவை விகிதம் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இதுக்கு பதில் தெரியலை. "ஒரு வாரம் டைம் கொடும்மா"னு மட்டும் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வாரம் தேடித் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. நாளைக்கு உங்க அம்மாவும் இதே கேள்வியைக் கேட்கலாம் இல்லையா?

முதல்ல எதிரி யாருனு பாருங்க!

எங்க ஊர் ஆசாரி ஒருத்தர்கிட்ட போனேன். முப்பது வருஷ அனுபவம். பவுடரை விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தார். "மக்களே, இது கரையான் இல்ல. வண்டு. ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு எவனாவது சொன்னா நம்பாத" என்றார்.

எதிரி மூணு வகை. துப்பு கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி.

* மைதா மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டி, மரத்துல 1 அல்லது 2 மில்லி மீட்டர் அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தா அது வண்டு. 'உளுத்துப்போன கட்டை'னு சொல்றது இதைத்தான்.
* கசகசா மாதிரி குருணை குருணையா கொட்டினா உலர்மரக் கரையான். இதுக்கு மண்ணே தேவையில்லை. மரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.
* தூளே இல்லாம சுவத்துலயோ நிலையிலயோ மண் கோடு ஏறினா நிலத்தடிக் கரையான். புத்து மண்ணுக்குள்ள இருக்கும், சாப்பாட்டுக்கு மட்டும் உங்க வீட்டுக்கு வரும். மழை விட்டதும் டியூப்லைட்டைச் சுத்துற ஈசல் இருக்கே, அது இந்தக் குடும்பத்து மாப்பிள்ளை, பொண்ணுங்கதான்!

கரையானை 'வெள்ளை எறும்பு'னு சொல்றது தப்பு. அது எறும்புக்கு உறவே இல்லை. கரப்பான்பூச்சிக்குத்தான் நெருங்கின சொந்தம்.

வண்டு விஷயத்துல நான் அசந்துபோன மேட்டர் ஒண்ணு உண்டு. மரத்துல தெரியுற ஓட்டை, வண்டு உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி! தாய் வண்டு மரத்தோட நுண்துளையில முட்டை வைக்கும். புழு உள்ளேயே மாசக்கணக்குல மரத்திலிருக்குற மாவுச்சத்தைத் தின்னு வளரும். வண்டான பிறகுதான் ஓட்டை போட்டு வெளியே வரும். ஸோ, நீங்க முதல் ஓட்டையைப் பார்க்கிறப்பவே ஒரு தலைமுறை சாப்பிட்டு முடிச்சிருக்கும். ரப்பர் மரத்துல மாவுச்சத்து ஏகத்துக்கும் அதிகம். மருந்து ஏத்தாத ரப்பர் பலகைங்கிறது வண்டுக்கு இலை போட்டு வச்ச கல்யாணப் பந்தி!

'வைரம் பாய்ஞ்ச கட்டை'னு பெரியவங்களைச் சொல்வோமே, அதுலயும் விஷயம் இருக்கு. மரத்தோட நடுப்பகுதியில, அதாவது வைரத்துல, பூச்சிக்குப் பிடிக்காத பொருட்களை மரமே சேர்த்து வச்சிருக்கும். தேக்கைக் கரையான் லேசுல தொடாததுக்கு அதுதான் காரணம். ஆனா, ஓரத்துல இருக்குற வெள்ளைப் பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தேக்கே ஆனாலும் வெள்ளை வெள்ளைதான்! 'தேக்கு'னு பில்லுல போட்டிருக்கிறதைப் பார்க்காம, பலகையில எவ்வளவு வெள்ளைனு பாருங்க.

ரெண்டு மார்க் கேள்விக்குள்ள ஒரு வரலாறு!

சிவில் நண்பர்களே, 'ஆஸ்க்யூ ட்ரீட்மென்ட் என்றால் என்ன?' ஞாபகம் இருக்கா? நாமும் ஆர்சனிக் பென்டாக்சைடு 1 பங்கு, காப்பர் சல்பேட் 3 பங்கு, பொட்டாசியம் டைகுரோமேட் 4 பங்குனு மனப்பாடம் பண்ணி 2 மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். அந்த ரெண்டு மார்க்குக்குப் பின்னாடி ஒரு இந்தியர் இருக்கார். பேர் சொண்டி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்தவர். 1933-ல அவர் கண்டுபிடிச்ச கலவை அது. ஆர்சனிக்குக்கு வேதியியல்ல 'ஆஸ்', காப்பருக்கு 'க்யூ'. ரெண்டும் சேர்ந்து 'ஆஸ்க்யூ'!

அவர் சாதிச்சது என்னன்னா... செம்பும் ஆர்சனிக்கும் பூச்சி, பூஞ்சை ரெண்டையும் கொல்லும்னு முன்னாடியே தெரியும். ஆனா, ஒரு மழை பெய்ஞ்சா கரைஞ்சு ஓடிடும். கலவையில குரோமியத்தைச் சேர்த்தா, அது மற்ற ரெண்டையும் மரத்தோட பிணைச்சுப் பிடிச்சு வச்சுக்குதுனு காமேசம் காட்டினார். 1938-ல அமெரிக்காவுல காப்புரிமையும் கிடைச்சது. அப்புறம் உலகம் பூரா தந்திக் கம்பம், படகுத்துறை, வேலி, பார்க்ல குழந்தைங்க விளையாடுற மர ஏணி வரைக்கும் 'சி.சி.ஏ.'ங்கிற பேர்ல இதுதான்!

பிரச்னை அந்த ஏணியிலதான் வந்தது. குரோமியம் பிடிச்சு வச்சாலும் ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமா கசியத்தான் செய்யுது. மரத்தைத் தொட்ட கையை அப்படியே வாயில வைக்கிற வயசுக் குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க! 2002 பிப்ரவரியில அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவிச்சது. 2003 முடியுறப்போ வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. போடுறதை அங்கே நிறுத்திட்டாங்க. கம்பம், கடல் தூண் மாதிரி மனுஷங்க புழங்காத இடத்துல மட்டும் தொடருது. அதுக்கு பதிலா ஆர்சனிக், குரோமியம் ரெண்டும் இல்லாத செம்புக் கலவைகள் வந்தன. அதுலயும் ஒரு சிக்கல். செம்பு அதிகமா இருக்கிறதால சாதா ஆணியைச் சீக்கிரம் அரிச்சுடும். நல்லா நாகமுலாம் பூசினதோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் அடிக்கணும்.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. பச்சை நிறம் ஏறின பழைய மரக்கட்டை கிடைச்சா எரிக்கவே கூடாது. சாம்பல்ல ஆர்சனிக் அப்படியே மிஞ்சும்.

'ஸ்ட்ராங் மருந்து'களோட கதை

கரையானுக்குனு மண்ணுல ஊத்தின மருந்துகளோட கதை இன்னும் மோசம். ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர்... நம்ம அப்பா காலத்துல வீடு கட்டினவங்களுக்கு இதுல சில பேர் பழக்கமா இருக்கும். மண்ணுல பல வருஷம் அழியாம இருக்கும், உடம்புக் கொழுப்புல சேரும். 2001-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல உலக நாடுகள் ஒழிக்கணும்னு குறிச்ச முதல் 12 விஷங்கள்ல இந்த நாலும் உண்டு. 2009-ல லிண்டேன், 2015-ல பென்டாகுளோரோஃபீனால், 2025-ல குளோர்பைரிஃபாஸ்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. கடைசியா சொன்ன குளோர்பைரிஃபாஸ்தான் நம்ம ஊர்ல கரையான் மருந்துன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வந்த பேர். வீட்டுக்குள்ள உபயோகிக்கிறதை அமெரிக்காவுல 2000-லயே விலக்க ஆரம்பிச்சுட்டாங்க. காரணம், குழந்தைங்களோட மூளை வளர்ச்சி பத்தின கவலை.

இப்ப அந்தப் பேர் ஒட்டாத கேனை நினைச்சுப் பாருங்க. உள்ளே இதுல எது இருந்ததுனு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுதான் பயமே!

வந்தாரய்யா வெங்காரம்!

இப்ப கேரம் போர்டுக்கு வருவோம். போரிக் ஆசிட், அதோட அண்ணன் போராக்ஸ். போராக்ஸ்னா ஏதோ ஃபாரின் சரக்குனு நினைக்காதீங்க. நம்ம ஊர் வெங்காரம்தான் அது! பொற்கொல்லர் நகை பத்தவைக்கிறப்போ பொடி வச்சு ஊதுறாரே, அந்தப் பொடி. தென்னைக்கு போரான் சத்து குறைஞ்சா விவசாயி வேர்ல போடுறதும் அதுதான்.

வெங்காரம் ஒன்றரைப் பங்கு, போரிக் ஆசிட் ஒரு பங்கு. ரெண்டையும் சேர்த்து வெந்நீர்ல கரைச்சா, தனித்தனியா கரையுறதைவிட அதிகமா கரையும். கெமிஸ்ட்ரி மாயம்! இந்தக் கரைசல் ஏறின மரத்தைத் தின்னுற புழுவுக்கு ஜீரணமே ஆகாம, பட்டினியில சாகும். கரையான் குடல்ல மரத்தைச் செரிக்க உதவுற நுண்ணுயிர்களையும் காலி பண்ணும். மரத்தை மக்க வைக்கிற பூஞ்சைக்கும் எதிரி. வாசனை கிடையாது, ஆவியாகி மூக்குல ஏறாது, மரத்தோட நிறமும் மாறாது.

இன்னொரு அழகும் இருக்கு. மரம் ஈரமா இருந்தா போரான் தானாவே உள்ளே பரவும். டீயில போட்ட சர்க்கரை, கலக்காம விட்டாலும் மெள்ளப் பரவுமே... அதே மாதிரி. அறுத்த உடனே பச்சைப் பலகையைக் கரைசல்ல முக்கி, பாலிதீன் போட்டு மூடி, சில வாரம் அடுக்கி வச்சா நடுப்பகுதி வரைக்கும் போய்ச் சேர்ந்துடும். பெரிய ஆலைகள்ல இரும்பு உருளைக்குள்ள பலகையை வச்சு, முதல்ல காத்தை உறிஞ்சிட்டு, அப்புறம் அழுத்தத்துல கரைசலை ஏத்துவாங்க. ரப்பர் மரம் இன்னைக்கு ஃபர்னிச்சர் ஷோரூம் வரைக்கும் வந்திருக்குன்னா, இந்த போரான் சிகிச்சைதான் காரணம்.

'சும்மா விலை ஏத்துறதுக்குச் சொல்றாங்க'னு தோணுதா? நியூஸிலாந்து கதையைக் கேளுங்க. 1950-கள்லேருந்து அங்கே வீட்டுச் சட்டத்துக்கான பைன் மரத்துக்கு போரான் ஏத்தி வந்தாங்க. 1998-ல, 'நல்லா காயவச்ச மரம்னா மருந்து தேவையில்லை'னு அனுமதி கொடுத்தாங்க. கூடவே, தண்ணி புகுற மாதிரியான டிசைன்களும் ஃபேஷனாச்சு. சில வருஷத்துலயே சுவத்துக்குள்ள மரம் மக்கி, ஆயிரக்கணக்கான வீடுகள் வீணாப்போச்சு. 'ஒழுகும் வீடுகள்'னு அந்த நாட்டையே உலுக்கின பிரச்னை அது. 2004-ல மறுபடியும் மருந்து ஏத்தின மரத்துக்கே திரும்பினாங்க. மிச்சம் பிடிச்சது கொஞ்சம், இழந்தது வீடு!

பாதுகாப்புன்னா 'ஜீரோ விஷம்' இல்லை!

இங்கே கொஞ்சம் சீரியஸா கேளுங்க. போரான் மத்ததைவிடப் பாதுகாப்பானது, அவ்வளவுதான். வயித்துக்குள்ள போனா விஷம்தான். ஒரு காலத்துல பச்சைக் குழந்தைகளோட தோல் புண்ணுக்கு போரிக் பவுடரைத் தூவி, அதனால உயிர்களே போயிருக்கு. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்னு ஐரோப்பிய யூனியன் இதை வகைப்படுத்தி இருக்கு. கர்ப்பிணிகள் கரைசல் பக்கமே போக வேண்டாம். கையுறை, முகமூடி கட்டாயம். சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க. மிச்சத்தைச் செடிக்கு ஊத்தாதீங்க, போரான் அதிகமானா செடி கருகிடும்.

அதோட, தண்ணியில கரையுற சரக்கு இது. வெளியில மழையில நனையுற மரத்துக்கும், மண்ணுல நட்ட கம்பத்துக்கும் ஆகாது. வீட்டுக்குள்ள, மேல வார்னிஷோ பெயின்ட்டோ அடிச்ச மரத்துக்குத்தான்.

'அப்ப கேரம் பவுடரையே வாங்கித் தடவிடலாமா?'னு கேட்கிறீங்களா? அவசரப்படாதீங்க. கடையில கேரம் பவுடர்னு விக்கிறது எல்லாமே போரிக் கிடையாது, சிலது வெறும் ஸ்டார்ச். அதைத் தடவினா வண்டுக்கு நீங்களே விருந்து வச்ச மாதிரி ஆயிடும்!

நாங்க என்ன பண்ணினோம்?

கட்டிலை ரூமைவிட்டே வெளியேத்தினோம். தொழுவத்துல வச்சு ஆசாரி வார்னிஷை முழுசா இழைச்சு எடுத்தார். ஏன்னா, வார்னிஷ் மேல தடவினா கரைசல் உள்ளே போகவே போகாது. 10 லிட்டர் வெந்நீருக்கு 600 கிராம் வெங்காரம், 400 கிராம் போரிக் ஆசிட். பிரஷ்ல நாலு தடவை நனைய நனைய அடிச்சோம். ஓட்டை ஒவ்வொண்ணுலயும் சிரிஞ்ச் வச்சு ஏத்தினது என் வேலை. எண்ணிப் பார்த்தேன், 143 ஓட்டை! ஒரு கால் உள்ளே முழுசா மாவாகி இருந்தது. "இத காப்பாத்த முடியாது மக்களே"னு ஆசாரி அறுத்துப் போட்டுட்டு வேற கால் வச்சார். நல்லா காய்ஞ்ச பிறகு ஓட்டைகளை அடைச்சு, வார்னிஷ் அடிச்சோம். வார்னிஷ் அழகுக்கு மட்டும் இல்லை, நுண்துளையை மூடிட்டா வண்டுக்கு முட்டை வைக்க இடம் கிடைக்காது.

கதவு நிலைக்கு இந்த வைத்தியம் போதாது. நிலத்தடிக் கரையான் மருந்து ஏறின மரத்தைத் தொடாம, அது மேலேயே மண் கோடு கட்டித் தாண்டி, உள்ளே இருக்குற புத்தக அலமாரிக்குப் போயிடும். அதைத் தடுக்கணும்னா மண்ணுல தடுப்பு வேணும். அதுக்கு லைசென்ஸ் உள்ள ஆளை வரச்சொன்னோம். லேபிள் ஒட்டின பாட்டில், அளவு எழுதின பில்லோட வந்தார். நிலை ஓரமா தரையில துளை போட்டு இமிடாகுளோபிரிட் கரைசலை ஏத்தி சிமென்ட்டால அடைச்சார். அதுக்கு முன்னாடியே கிணறு எவ்வளவு தூரம்னு அவரே கேட்டார் பாருங்க, அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. அந்த வாரம் பூரா அக்கா சித்தி வீட்டுல.

அந்த முதல் ஆளை நாங்க திரும்பக் கூப்பிடலை. அவரையும் குத்தம் சொல்லத் தோணலை. கையில கிளவுஸ்கூட இல்லாம அந்தக் கேனை தினமும் தூக்கறது அவர்தானே? முதல்ல பாதிக்கப்படப்போறதும் அவர்தான்.

நீங்க செய்யவேண்டியது!

* மருந்து டப்பாவுல இருக்கும் வண்ண முக்கோணத்தைப் பாருங்க. சிவப்புன்னா மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம். பச்சை இருக்கிறதுலேயே குறைச்சல். முக்கோணமே இல்லையா? வாசலோட திருப்பி அனுப்புங்க.
* ஃபர்னிச்சர் செய்யக் கொடுக்கும்போது, 'பலகைக்கு போரான் ஏத்தியாச்சா?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பச்சையா இருக்கும்போது ஏத்துறது சுலபம். கட்டில் ஆன பிறகு ஏத்துறது எவ்வளவு பாடுனு என் கையைக் கேளுங்க!
* வீடு கட்டுறப்போ அஸ்திவாரத்துலயே கரையான் தடுப்பு செய்யணும். அதுக்கு ஐ.எஸ். 6313, மரத்துக்கு ஐ.எஸ். 401, மூங்கிலுக்கு ஐ.எஸ். 9096. இந்த நம்பர்களைச் சொல்லிப் பாருங்க, கான்ட்ராக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.
* பேக்கிங் மரப்பெட்டியை உடைச்சு ரூமுக்கு ஷெல்ஃப் பண்ற ஆளா நீங்க? பெட்டியில முத்திரை பாருங்க. 'ஹெச்.டி.'ன்னா 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வாட்டினது, ஓகே. 'எம்.பி.'ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். 'ஹெச்.டி.'யிலயும் இருந்த பூச்சிதான் சாகும், புதுசா வர்றதைத் தடுக்காது.
* வேஸ்ட் ஆயில், மண்ணெண்ணெய் தடவுற பழக்கத்தை விடுங்க. தோலுக்கு ஆகாது, தீக்கும் ஆபத்து. மரத்தோட மேல்தோலைத் தாண்டிப் போகவும் போகாது.

மருமகன் பிறந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னும் அவனுக்குப் பாய்தான். உள்ளே ஆழத்துல தப்பிச்ச புழு ஏதாவது இருந்தா வெளியே வர மாசக்கணக்கு ஆகும். அதனால, முழுசா ஒரு வருஷம் பார்த்துட்டுதான் கட்டில்னு அம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. கட்டிலுக்கு அடியில ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் விரிச்சு வச்சிருக்கோம். வாராவாரம் ஊருக்கு போன் பண்ணினா, "சாப்பிட்டியா?"வுக்கு அடுத்து அம்மா சொல்ற நியூஸ் அதுதான்.

"பேப்பர் இந்த வாரமும் சுத்தமா இருக்குடா!"

இதுவரைக்கும் நான் வாங்கின மார்க்குலயே பெரிய மார்க் அதுதான் பாஸ்!